பெரட்டு நேரத்து ஓட்டம்

"பேரு என்னம்மா?" என்று அந்தப் பெரியவர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லியே பிழைப்பவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அன்று வரவில்லை. வாய் அசைந்தது நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பது பிறகு தோழி சொல்லித்தான் தெரியும். நேரம் சொன்னேனாம். வானொலியில் சொல்லும் அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, "நேரம் இப்போது ஏழு மணி முப்பது நிமிடம்" என்று. அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

வட சிலாங்கூரில் நடந்த ஓர் அரை மராத்தான் அது. 21.1 கிலோமீட்டரில் 18ஐத் தாண்டிவிட்டேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலை. தண்ணீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன், யார் உட்கார வைத்தார்கள் என்பதெல்லாம் இன்றுவரை எனக்கு இருட்டு.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு நாள் இதை வெளியில் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்தவள் வெயில் தாங்காமல் விழுந்தாள் என்றால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் சாலைகளில் நம் பிள்ளைகள் ஓடுவதை நிறையப் பார்க்கிறேன். அலுவலக வேலைக்குப் போகிறவர்கள், வாட்ஸ்அப் குழு வைத்து ஓடுகிறவர்கள், கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ குறைக்க ஓடுகிறவர்கள். அவர்களில் பலர் நான் செய்த அதே தவற்றைச் செய்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அம்மாவின் வாயில் இன்னும் மாறவில்லை. சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வந்து, அம்மா வீட்டில் தங்கி, ஞாயிறு விடியலில் ஓடுவது என் வழக்கம். இந்த வட்டாரத்தில் ஓடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. இங்கே பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எந்த மொழிப் பெயர் என்று தானே விளங்கும். ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே செம்பனை நட்டார். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை பயிரிட்டது அதுதான் முதல் முறை. அந்தத் துரை பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். நட்டதும் களையெடுத்ததும் நம் ஆட்கள். அவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் பாட்டி பால்மரக் காலத்தவர். நான் முதன்முதலில் காசு கட்டி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்ந்தபோது அவர் உயிரோடு இருந்தார். "எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?" என்று கேட்டார். நாலு மணிக்கு என்றேன். "எத்தனை மணிக்கு வரிசையில நிக்கணும்?" அஞ்சரைக்கு என்றேன். "பேரு வாசிப்பாங்களா?" நம்பர் கொடுப்பார்கள், நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும் என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "அடிப் பாவி, அது பெரட்டுடி. எங்களுக்குக் காசு கொடுத்துக் கூப்பிட்டான். நீ காசு கொடுத்துட்டுப் போறியா?"

பெரட்டு என்றால் என்னவென்று தெரியாத இளையவர்களுக்காக: விடியலுக்கு முன் தோட்டத்து ஆபீஸ் முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. ஏன் அவ்வளவு சீக்கிரம்? துரைக்குத் தூக்கம் வராததால் அல்ல. இரவு முழுக்க வேர் உறிஞ்சிய தண்ணீரால் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே மரம் தண்ணீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பால் நின்றுவிடும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் போனார்கள். மரத்துக்காக வைத்த நேரம்தான். ஆனால் சீவுகிற மனிதருக்கும் அதுவே நல்ல நேரமாக அமைந்துவிட்டது.

ஓட்டப் போட்டி நடத்துகிறவர்களும் இன்று சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கிறார்கள். கோலாலம்பூர் மராத்தானில் முழுத் தூரம் ஓடுகிறவர்களை நள்ளிரவு கழிந்து சில மணி நேரத்திலேயே கிளப்பிவிடுகிறார்கள். 2019இல் டோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மராத்தானை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தொடங்கினார்கள். அப்படியும் 32 டிகிரியை ஒட்டிய வெப்பம், 70 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதம். புறப்பட்டவர்கள் 68 பேர், எல்லையைத் தொட்டவர்கள் 40 பேர். உலகின் தேர்ந்த ஓட்டக்காரிகள் அவர்கள். சூரியனே இல்லாத நேரம் அது. டோக்கியோ ஒலிம்பிக் மராத்தானை, ஊர் வெக்கைக்குப் பயந்து, 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்குக் கொண்டுபோனதும் இதே காரணத்தால்தான்.

டோஹாவில் அவர்களை வீழ்த்தியது வெயில் இல்லை, புழுக்கம். நம் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆனால் ஓடப் போகும்போது நாம் வெயிலை மட்டும்தான் பார்க்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 55 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 55 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடம்பின் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். 37இல் தொடங்கியவர் நாலு கிலோமீட்டரில் 40ஐத் தாண்டிவிடுவார். அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. வியர்வை என்றால் வழிகிற வியர்வை இல்லை, காய்கிற வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை உடம்பின் மேலேயே ஆவியானால் சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழுந்தால் ஒன்றையும் கொண்டுபோகாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காய இடமில்லை. சட்டை பிழிகிற அளவு நனைந்தால் "நல்லா வேர்த்துச்சு" என்று பெருமைப்படுகிறோம். உண்மையில் அது, வேர்த்தும் பயனில்லாமல் போனதன் அடையாளம்.

அதிலும் நம் ஊர் விடியலுக்கு ஒரு தந்திரம் உண்டு. காலை ஆறு மணிக்கு வெப்பமானி 24, 25 என்று காட்டும். குளிர்ச்சியாக இருக்கிறது என்று வேகம் எடுப்போம். ஆனால் நாளில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான், 90 விழுக்காட்டுக்கு மேல். ஏழே கால் வாக்கில் சூரியன் எழுந்ததும் ஈரத்தோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். அந்த ஏழரையிலிருந்து ஒன்பது வரைதான் ஓடுகிறவருக்கு ஆபத்தான நேரம் என்பது என் அனுபவம். விளையாட்டு, ராணுவம், தொழிற்சாலை ஆகியவற்றில் வெப்ப ஆபத்தை அளக்க டபிள்யூபிஜிடி என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். வெளியில் அளக்கும்போது அதில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு இடம், வெயிலைக் காட்டும் கறுப்பு உருண்டைக்கு 20, நாம் வழக்கமாகப் பார்க்கும் வெப்பமானிக்கு வெறும் 10. நம் வானிலைத் துறையின் எச்சரிக்கை வேறு கணக்கு. மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பம் 35இலிருந்து 37 வரை இருந்தால் முதல் நிலை என்பார்கள். அது ஊருக்குப் பொதுவானது. அது அமைதியாக இருக்கிறது என்பதால் ஓடுகிறவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று ஆகிவிடாது. நான் விழுந்த அன்று எந்த எச்சரிக்கையும் இல்லை.

இனி, நான் செய்த தவறு. ஒன்றல்ல, நாலைந்து.

முதலாவது, என்னைத் தோட்டத்துப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டது. பாட்டி மரம் சீவினார், அம்மா வெளிக்காட்டில் மருந்து அடித்தார், எனக்கு வெயில் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நினைத்தேன். ரத்தத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அது பரம்பரையாக வருவதில்லை. வெக்கையில் தினமும் உழைத்தால் பத்துப் பதினாலு நாளில் உடம்பு மாறுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. உழைப்பை நிறுத்திக் குளிரில் போய் உட்கார்ந்தால் சில வாரங்களில் எல்லாம் போய்விடும். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்? ஒலிபரப்பு அறையில். இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்பதற்காக வருடம் முழுவதும் ஊட்டி மாதிரி வைத்திருப்பார்கள். நான் சால்வை போர்த்திக்கொண்டு நிகழ்ச்சி நடத்துகிறவள். அங்கிருந்து குளிர்சாதனக் கார், குளிர்சாதன வீடு, மாலையில் குளிர்சாதன ஜிம்மில் ஓடுபட்டை. அம்மாவின் வெயில் என்னிடம் ஒரு துளியும் மிச்சமில்லை. சட்டைக்குள் இருந்தது ஊட்டிக்காரி.

அதற்கு முந்தைய வாரம் சளி, லேசான காய்ச்சல். போட்டிக்கு முதல் நாள் வரை ஜலதோஷ மாத்திரை சாப்பிட்டேன். அந்த மாத்திரைகளில் சில வியர்வையையே குறைக்கக்கூடியவை என்பதை மருந்துக்கடையில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காய்ச்சல் விட்ட உடம்பு ஒரு வாரமாவது சூட்டைச் சமாளிக்கத் திணறும் என்பதும் தெரியாது. தூக்கம் நாலு மணி நேரம். கட்டிய காசு, வாங்கிய சட்டை, ஃபேஸ்புக்கில் போட்ட பதிவு எல்லாம் சேர்ந்து என்னைப் போகச் சொல்லின.

போட்டியும் நேரத்தில் தொடங்கவில்லை. ஆறு மணி என்றார்கள். பிரமுகர் வந்து, பேசி, படம் எடுத்து, கொடி அசைக்க ஆறு நாற்பது. அந்த நாற்பது நிமிடத்தின் விலை கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் தெரியும். தோட்டத்தில் எந்தக் கிராணியும் பெரட்டை நாற்பது நிமிடம் தள்ளி வைத்ததாகப் பாட்டி சொன்னதில்லை.

பதினைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்த ஒரு மலாய்ப் பையனிடம் கத்தினேன். கப் பாதிதான் நிறைந்திருந்தது, அதற்காக. பதினாறு வயது இருக்கும் அவனுக்கு. நான் ஓடிய பிறகும் அவன் முகம் சுருங்கி நின்றதைத் தோழி பார்த்திருக்கிறாள். வானொலியில் எவ்வளவு எரிச்சலூட்டும் அழைப்பு வந்தாலும் சிரித்துப் பேசுகிறவள் நான். அன்று ஏன் அப்படிக் கத்தினேன் என்று பிறகு வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"அதுதான் முதல் அறிகுறி," என்றார்.

அம்மா இருபத்திரண்டு வருடம் களைக்கொல்லி அடித்தவர். முதுகில் பம்பு, முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கையுறை, முகமூடி, மேலே பிளாஸ்டிக் ஏப்ரன். காற்றே புகாத செம்பனைக்குள் அந்த உடையில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை ஓடிப் பழகிய பிறகுதான் நான் யோசித்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு கூட்டமாகப் போவார்களாம். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. யாராவது காரணமில்லாமல் சண்டைக்கு வந்தால், பம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளை நிழலில் உட்கார வைப்பார்கள். தலையில் கழுத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். "தலை சுத்துதுன்னு யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க. கோவம்தான் முதல்ல வரும். அப்புறம் பேச்சு தடுமாறும். அப்புறம் ஆளே விழுந்திடும். கோவத்துலயே புடிச்சிடணும்," என்றார் அம்மா.

மருத்துவப் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது, கொஞ்சம் சுற்றி வளைத்து. உழைப்பால் வரும் வெப்பத் தாக்குதலில் உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், மூளை குழம்பும். எரிச்சல், பொருந்தாத பேச்சு, தள்ளாட்டம் எல்லாம் மூளை சூடாவதன் அடையாளங்கள். இங்கே நம்மிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஆபத்து என்பது. வெயிலில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அது பொருந்தலாம். ஓடி விழுகிறவர் பெரும்பாலும் வியர்வையில் குளித்துக்கொண்டுதான் விழுவார். எனக்கும் அப்படித்தான். ஆகவே தோலைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பெயரைக் கேளுங்கள்.

என் பெயரைக் கேட்ட அந்தப் பெரியவர் ஒரு தோட்டத்து மருத்துவமனையில் வேலை செய்து ஓய்வு பெற்ற டிரெஸர். தண்ணீர் மேசைக்கு உதவி செய்ய வந்தவர். ஆம்புலன்ஸ் வந்து நின்றதும், சுற்றி நின்றவர்கள் என்னைத் தூக்கி ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். அவர் விடவில்லை. பானப் பாட்டில்களைக் குளிர வைக்க ஐஸ் போட்டிருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்யச் சொல்லி, காலணியோடு என்னை அதற்குள் உட்கார வைத்தார். கழுத்துவரை ஐஸ் தண்ணீர். கப்பால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். நான் அலறினேனாம். "கத்தட்டும், நல்லதுதான்," என்றாராம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து என் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகுதான் ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

அவர் செய்தது எவ்வளவு சரி என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற கடலோர ஊரில் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சாலை ஓட்டம் நடக்கிறது. வெறும் 11 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆனால் வெப்பத் தாக்குதல் அங்கே நிறைய. அங்குள்ள மருத்துவக் குழு எல்லைக் கோட்டிலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டிகளை வைத்திருக்கிறது. 18 ஆண்டுகளில் அவர்கள் பதிவு செய்த வெப்பத் தாக்குதல்கள் 274. அத்தனை பேரும் பிழைத்தார்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம் ஏற்றுவது என்பதே இப்போது விளையாட்டு மருத்துவத்தில் விதி. சூடு ஏறிய மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் முதல் அரை மணி நேரம்தான் கணக்கு. மருத்துவமனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே போய்ச் சேரும் வழியில் அந்த அரை மணி கழிந்துவிடும். இன்று நான் எந்தப் போட்டியில் பெயர் கொடுப்பதற்கு முன்பும் ஏற்பாட்டாளர்களிடம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: ஐஸ் தொட்டி எத்தனை வைத்திருக்கிறீர்கள்? பதக்கம் எப்படி இருக்கும், சட்டை என்ன நிறம் என்று அவர்கள் பேச்சை மாற்றினால், நான் அந்தப் போட்டிக்குப் போவதில்லை.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர். ஏழாவது வாரம் அம்மாவின் பயிற்சி தொடங்கியது.

வருட விடுமுறையில் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு பெஸ்தாரி ஜெயாவுக்கே வந்துவிட்டேன். முதல் நாலு நாள் நடை மட்டும். அதுவும் மாலை ஐந்து மணிக்கு, அம்மாவோடு. அப்புறம் பத்து நிமிட ஓட்டம், ஐந்து நிமிட நடை. வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்கக் கூடாது, பேச முடிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றார். தொழிலே பேச்சு என்பதால் இது எனக்குச் சரியான அளவுகோல். மூச்சு வாங்காமல் ஒரு வானிலை அறிக்கை வாசிக்க முடிந்தால் அதுவே என் வேகம். ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தவள் ஏழரை நிமிடத்துக்கு வந்தேன். முதலில் அவமானமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் எங்கே ஓடுகிறோம் என்பதும் முக்கியம். செம்பனைக்குள் நிழல் உண்டு, காற்று இல்லை. வளர்ந்த மரங்களின் மட்டைகள் மேலே கூரை போட்டதுபோல் மூடி, உள்ளே ஈரத்தைத் தேக்கி வைக்கும். நிழல்தானே என்று உள்ளே போனால் குக்கருக்குள் போன மாதிரி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் வயல் நேர்மாறு: நிழலே கிடையாது, ஆனால் கடல் பக்கத்திலிருந்து காற்று வரும், வியர்வை காயும். ஏழு மணிக்கு முன் என்றால் எனக்கு வயல்தான். மேடு ஏறிப் பழக புக்கிட் மலாவாத்தி. கலங்கரை விளக்கம் வரை ஏறி இறங்கினால் போதும், கையில் மட்டும் எதையும் வைத்திருக்காதீர்கள். அங்குள்ள குரங்குகள் என் பேரீச்சம்பழப் பையைப் பறித்த வேகத்தில் நான் ஒரு நாளும் ஓடியதில்லை. வறட்சிக் காலத்தில் ராஜா மூசா பக்கத்துக் கரிமண் காடு புகையத் தொடங்கினால் ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். 2015இல் புகைமூட்டத்துக்காகக் கோலாலம்பூர் மராத்தானையே ரத்து செய்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. ஓடுகிறவர்கள் குழுவில் "குடித்துக்கொண்டே இரு" என்பார்கள். அம்மா, "தாகத்துக்குக் குடி, வயித்தை ரொப்பாதே" என்பார். அம்மா பக்கம்தான் உண்மை அதிகம். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் 13 விழுக்காட்டினருக்கு உப்புச் சத்து இயல்பான அளவைவிடக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். நான் இப்போது ஓடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் ஏறுகிறேன். ஒரு மணி நேரத்தில் எனக்குச் சுமார் 1.1 கிலோ குறைகிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் வழியிலேயே குடிக்கிறேன், மீதியை வீட்டுக்கு வந்து மெதுவாக. உங்கள் கணக்கு வேறாக இருக்கும், நீங்களே தராசில் ஏறிப் பாருங்கள். உப்புக்கு விலை உயர்ந்த மாத்திரை விற்கிறார்கள். எனக்கு ஓர் அசாம்போய் போதும், கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஐந்து கிலோமீட்டர் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் நீராகாரம், கல்லுப்பு, சின்ன வெங்காயம். வெளிக்காட்டு வேலைக்காரர்கள் அறுபது எழுபது வருடமாகக் குடித்து வந்தது.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் என் பேச்சைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

நம்மவர்களால் நெடுந்தூரம் ஓட முடியாது என்று யாராவது சொன்னால் எம். ராமச்சந்திரனை நினைவூட்டுங்கள். 1990களில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் இந்த நாட்டின் சாதனைகள் அவர் பெயரில் இருந்தன, பல ஆண்டுகள் யாரும் நெருங்கவில்லை. அவர் கேமரன் மலைக்காரர். குளிர் மலையிலிருந்து இறங்கி வந்து இந்தப் புழுக்கத்தில் ஓடி ஜெயித்தவர். கோல சிலாங்கூர்க்காரிக்கு ஊட்டியில் உட்கார்ந்து உடம்பு கெட்டது, மலைக்காரர் இறங்கி வந்து சாதித்தார். பிறந்த இடம் ஒன்றுமே சொல்வதில்லை.

போன வருடம் அதே அரை மராத்தானை மறுபடி ஓடினேன். கொடி அசைப்பது ஆறேகால் ஆனது, பரவாயில்லை. இரண்டு மணி ஐம்பத்தோரு நிமிடம். பழைய நேரத்தைவிட இருபது நிமிடம் அதிகம். பதினைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையில் அந்தப் பையனைத் தேடினேன். வேறு பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோருக்கும் "தெரிமா காசே" சொல்லிவிட்டு வந்தேன். டிரெஸர் ஐயா வந்திருந்தார். அவர் பக்கத்தில் மூன்று தொட்டிகள். "இந்த வருஷம் பாட்டில் வேற, ஆள் வேற," என்றார். அன்று அந்தத் தொட்டிகளில் இரண்டு பேர் உட்கார்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒருவர் என் வயதுதான், பெட்டாலிங் ஜெயாவில் கணினி வேலை.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை நான் ஓடி முடித்து வீட்டுக்கு வரும்போது அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காலணியைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"எங்கெங்க போன?"

"ஈஜோக் சாலை வரைக்கும், திரும்பி வந்தேன்."

"எங்கே, ரேடியோவில சொல்றதைச் சொல்லு."

அடுத்த வீட்டு ஆயா வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் வாசலில் நின்று, வியர்வை சொட்டச் சொட்ட, வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, நேரத்தைச் சொல்வேன். அம்மா தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்ப்பார்.

"சரி, வா. பசியாறு."